கிளிவெட்டி ஜீப்பை உயர்த்திய கதை

வாகனத்தை உயர்த்தித் தரச் சொல்லிக் கராஜுக்கு வருகிறவர் எவரும் அங்குலத்தில் கணக்குச் சொல்வதில்லை. சில்லுக்குப் பக்கத்தில் நின்று தன் இடுப்பில் கையை வைத்து, "இவ்வளவு வேணும்" என்பார். இடுப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை நாங்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கப்பல்துறையில், கண்டி வீதியோரம் எங்கள் கராஜ். நானும் கிண்ணியாவைச் சேர்ந்த நிஸ்தார் நானாவும் பங்காளிகள். நானா கையால் வேலை செய்வார், நான் பெரும்பாலும் வாயால். ஜீப்புகளுக்கும் பின்னால் சாமான் ஏற்றுகிற டபுள் கப்புகளுக்கும் சஸ்பென்ஷன் மாற்றுவதுதான் பிழைப்பு. துறைமுகத்து உப்புக்காற்றில் இறுகிப்போன நட்டைக் கழற்றப் பாதி நாள் போகும். வாகனக்காரரின் ஆசையைக் கழற்ற மீதி நாள் போகும். உங்களில் யாராவது கராஜ் வைத்திருந்தால், அல்லது ஜீப் பைத்தியம் பிடித்த ஒருவரைக் கட்டியிருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருந்து நீங்களும் ஒரு பெருமூச்சு விடுங்கள்.

மாரிக்கு முதல்

யோகன் கிளிவெட்டியில் வயல் செய்கிறவர். பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். அதை விற்கச் சொன்னால் சண்டைக்கு வருவார். அவர் வந்து நின்றபோது வழமைபோல இடுப்பில் கையை வைக்கவில்லை, நெஞ்சில் வைத்தார். "அண்ணை, இவ்வளவு தண்ணிக்குள்ளால போகவேணும்" என்றார். ஜீப்பா, கப்பலா என்று கேட்க வாயெடுத்தேன், அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். கலியாணம் கட்டிக் கனகாலத்துக்குப் பிறகு அவருடைய மனைவி கவிதா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். பிள்ளை பிறக்கும் காலம் சரியாக மாரிக்குள் வருகிறது. மாரியில் அவர்கள் ஊர் வீதிக்கு மேலால் தண்ணீர் நிற்கும். போன மாரியில் பக்கத்து வளவுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னமே ட்ராக்டர் பெட்டிக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. அதைக் கண்ணால் கண்டதிலிருந்து மனுசனுக்கு நித்திரை இல்லை. நேரத்தோடே டவுனில் சொந்தக்காரர் வீட்டில் கவிதாவை விடலாமே என்று கேட்டேன். அதைக் கேட்டுக் கேட்டு அவரும் களைத்துப் போயிருந்தார். "சொல்லிப் பார்த்தனான் அண்ணை. தன்ர மாடுகளை விட்டிட்டு வர ஏலாதாம். என்னை விட்டிட்டு வர ஏலுமாம்."

லொறித் தகடு

யோகனின் ஜீப் உள்ளே நிற்கும்போது கிண்ணியாவில் இருந்து ஒரு தயிர் வியாபாரி வந்தார். தன்னுடைய சின்ன டபுள் கப்பைத் தானே உயர்த்தியிருந்தார். எப்படி? யாரோ கழற்றிப் போட்ட லொறி ஸ்பிரிங் தகடுகளை வாங்கி அடியில் அடுக்கிவிட்டார். வாகனம் நன்றாகத்தான் உயர்ந்து நின்றது. ஆனால் லொறியின் பாரத்துக்குச் செய்த தகடு, கொஞ்சத் தயிர்ச் சட்டிக்காக வளைந்து கொடுக்குமா? வீதியில் ஒரு கல் கிடந்தால் அந்தக் கல்லின் முழு விபரமும் ஆசனத்துக்கு வந்து சேரும். ஷொக் அப்சோபர் இரண்டும் பழையவை. உயரம் கூடியதில் அவற்றுக்கு நீளம் போதாமல் இழுபட்டு ஒழுகிக்கொண்டிருந்தன.

நானா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "மச்சான், உயரம் சரி. மிச்சம் எல்லாம் பிழை" என்றார். வியாபாரிக்கு அவர் தூரத்து உறவு, அதனால் மறைக்காமல் கதைத்தார். வியாபாரிக்கும் கோபம் இல்லை. இரவு உறைய விட்ட தயிரை மூதூர் வரை கொண்டுபோய்ச் சட்டியைத் திறந்து பார்த்த கதையைச் சோகமாகச் சொன்னார். "கிண்ணியாவில ஏத்தினது தயிர், மூதூரில இறக்கினது மோர். சட்டி மட்டும்தான் மாறேல்லை."

குழாய்

யோகனுக்குப் புதுத் தகடுகள் போட்டோம். ஜீப் எழும்பி நின்றதைக் கண்டதும் சாவியைத் தரச் சொன்னார். வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் அவருக்கு அவசரம். இன்னும் நீளமான ஷொக் வேண்டும், ஸ்டியரிங் தண்டின் சரிவைத் திருத்த வேண்டும், பின் அச்சுக்குக் காற்றுப் போகிற சின்னக் குழாயை மேலே தூக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் தண்ணீர் இறங்கும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் மனுசன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினார். காசு பறிக்கிறேன் என்று நினைத்திருப்பார். இந்தப் பார்வை உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். பல்லு வைத்தியரை நாங்கள் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறோம்.

நானா ஜக்கை வைத்து ஜீப்பின் உடம்பை உயர்த்தினார். சில்லு தன்பாட்டில் கீழே தொங்கியது. பிரேக் எண்ணெய் போகிற இறப்பர்க் குழாய், உடுப்புக் காயப்போடும் கயிறு மாதிரி விறைத்து நின்றது. பள்ளத்தில் ஒரு சில்லு இறங்கினால் குழாய் அறும், பிறகு பிரேக்கை மிதிக்கலாம், வாகனம் நிற்காது. யோகன் குனிந்து நெடுநேரம் அந்தக் குழாயைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, சாவியை என்னிடமே நீட்டினார். "சரி, எல்லாத்தையும் மாத்துங்கோ. நான் ஜீப்பைத்தான் உயர்த்தச் சொன்னனான், நீங்கள் என்ர சீவியத்தையே கழட்டிப் பரப்பி வைச்சிருக்கிறீங்கள்."

வளைவு

இதற்கிடையில் உப்புவெளியில் தங்குமிடம் நடத்துகிற ஒரு தம்பி வந்தார். கடற்கரை வீதியை விட்டு இறங்காத டபுள் கப்புக்குக் காட்டுச் சில்லும் பெரிய உயரமும் வேண்டும் என்று அடம்பிடித்துச் செய்வித்துக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைத்த நேரம் கைபேசி அடித்தது. அவருடைய வாசலில், தகப்பன் ஆசைப்பட்டுக் கட்டிய சீமெந்து வளைவு இருக்கிறது. அதை அவர் அளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பின்னால் வெளிநாட்டு விருந்தாளிகள் பெட்டிகளோடு நிற்கிறார்களாம். சில்லுக் காற்றைக் குறைத்து மெல்ல உள்ளே விடச் சொன்னேன். விட்டார். அடுத்த நாளும் கதைத்தார், குரலில் உற்சாகமே இல்லை. "அண்ணை, காத்தைத் திறந்து உள்ள வந்திட்டன். இப்ப காத்தடிச்சா வெளியில போக ஏலாது, அடிக்காட்டி வீதியில ஓட ஏலாது. நான் இனி நடக்கிறன்."

ஏறிப் பார்த்தல்

யோகனின் ஜீப் முடிந்தது. நீள ஷொக், நீளக் குழாய், எல்லாம் புதுசு. ஓட்டிப் பார்த்தோம், முயல் மாதிரித் துள்ளாமல் அமைதியாகப் போனது. நானாவே சிரித்தார் என்றால் பாருங்கள். சந்தோஷத்தில் யோகன் கிளினிக்குக்கு வந்திருந்த கவிதாவை நேரே கராஜுக்கு அழைத்து வந்து, கதவைத் திறந்து, "ஏறும்" என்றார்.

கவிதா நிறைமாதம். ஜீப்பின் தரை அவருடைய வயிற்றுக்கு நேரே நின்றது. யோகன் ஒரு பக்கம் பிடித்தார். நான் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை ஓடிப்போய் எடுத்து வந்தேன், அது ஆடியது. நானா, தான் பார்த்தால் அவவுக்குக் கூச்சமாக இருக்கும் என்று மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பெரிய மனுசர், ஒரு புருஷன், ஸ்பிரிங், ஷொக், குழாய், தண்டு எல்லாவற்றையும் யோசித்தோம். ஏறப்போகிறவளை ஒருவரும் யோசிக்கவில்லை. நான் வெட்கத்தில் தலையைச் சொறிந்தேன். கவிதா இடுப்பில் கையை வைத்து அந்த உயரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதில ஏற ஏலுமெண்டா நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போறன் அண்ணை, சர்க்கஸுக்கல்லோ போகவேணும்."

அன்றே இரும்புக் குழாயில் இரட்டைப் படி ஒன்று ஒட்டினோம், பிடிக்க ஒரு கம்பியும். கவிதா இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அதை நாங்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

தண்ணீர்க் கரை

வைத்தியர் குறித்த திகதிக்கு முன்னமே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதாகத்தான் திட்டம். பிள்ளைக்கு அந்தத் திட்டம் தெரியாது. விடாமல் மழை பெய்த ஒரு காலையில் யோகனின் அழைப்பு வந்தது. கவிதாவுக்குப் பிரசவ நோ தொடங்கிவிட்டது, வீதியில் தண்ணீர் நிற்கிறது, இவர் ஜீப்பைத் தண்ணீர்க் கரையில் நிறுத்திவிட்டுத் தடியால் ஆழம் பார்க்கிறார். தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓட்டம் இல்லை, நிற்கிற தண்ணீர், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, சற்று முன்னர்தான் ட்ராக்டர் ஒன்று அக்கரைக்குப் போனது என்றார். பிறகு என்ன, போங்கோ என்றேன்.  யோகன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணை, எல்லாம் புதுச் சாமான். நேற்றுத்தான் கழுவிக் கிறீஸ் போட்டனான். இந்தச் சேத்துக்குள்ள இறக்கத்தான் வேணுமோ?"

என் காதை நான் நம்பவில்லை. திட்ட வாயெடுக்குமுன் கைபேசி கைமாறியது. மூச்சு வாங்கிக்கொண்டு கவிதா கதைத்தார். "அண்ணை, இந்த ஜீப்பைத் தண்ணியில போறதுக்குத்தானே செய்தனீங்கள்? அதை இவருக்கு ஒருக்கா உரத்துச் சொல்லுங்கோ." நான் சொன்ன சத்தத்தில் வீதியால் போன ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இயந்திரம் உறுமியது, அழைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. நாங்கள் இறுக்கிய ஒவ்வொரு நட்டும் மனதுக்குள் வந்து வந்து போனது. இடது முன் பக்கப் பிரேக் குழாயின் கிளிப்பை மாட்டினோமா? நானாவிடம் கேட்டேன். மாட்டினேன் என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து, "தம்பி, மாட்டினன்தானே?" என்று என்னிடம் கேட்டார். இரண்டு பேரும் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டிருந்தோம். பயந்துபோயிருந்தோம் என்பதுதான் உண்மை.

பின்னேரம் அழைப்பு வந்தது. யோகன் இல்லை, கவிதா. பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நானா முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். யோகன் எங்கே, பிள்ளையைப் பார்த்துவிட்டாரா என்று கேட்டேன். கவிதாவின் குரலில் களைப்பும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பார்த்தவர் அண்ணை, பார்த்து அழுதவர். இப்ப கீழ நிண்டு ஜீப்பைக் கழுவுறார்."

வாகனத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நாங்கள் உயர்த்தித் தருவோம், ஆனால் அதைச் சேற்றில் இறக்குகிற மனசை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும்.