எந்த ஊர் என்று சொல்லாமலே கூப்பிட்ட பெண் பார்க்கும் பயணம்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெண் பார்க்கப் போனோம். எந்த ஊர் என்பது மாப்பிள்ளையான எனக்கு மட்டும் தெரியாது. கேட்டால், "நம்ம பக்கம்தான்டா. முடிவாவட்டும், வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்" என்பார் அம்மா. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. போட்டோவில் பார்த்த முகம் எனக்கு ரொம்பப் பிடித்துவேறு தொலைத்திருந்தது.

சென்னை கிளாம்பாக்கத்தில் பதினொன்றரைக்கு விழுப்புரம் பஸ் ஏறினேன். திண்டிவனம் பைபாஸில் கண்டக்டர், "திண்டிவனம்லாம் எறங்கு, ஜல்தி!" என்று கத்தியபோது காலை நன்றாக நீட்டிக்கொண்டேன். வீட்டுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கிறதே!

இரண்டரைக்கு வீடு சேர்ந்தால், கதவில் பூட்டு. அம்மா போனை எடுக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா போனாங்க எல்லாரும்?"

"பட்டுப்பொடவ கட்டிக்கினு கார்ல போனாங்கப்பா."

"எந்த ஊருன்னு கேக்கலையா?"

"நல்ல காரியத்துக்குக் கெளம்புறவங்கள எங்க போறீங்கன்னு யாராவது கேப்பாங்களா? நல்லா கேட்ட போ!"

தலையில் அடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து, அவர்களோடு போயிருந்த மாமா போனை எடுத்தார்.

"திண்டிவனத்துல எறங்காம அங்க என்னடா பண்ற? உங்கம்மா சொல்லலையா?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு அம்மா நெனச்சிருக்கும்!"

"முடிவாவாத விஷயத்த போன்ல எப்படிடா சொல்றது?"

பேஜாரு பிடித்த குடும்பம்! வந்த வழியே திரும்ப ஓடினேன். சென்னை பஸ் ஊருக்குள் போகாது என்று அதே பைபாஸில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய். உள்ளே நுழையும்போது மணி நாலு நாற்பது.

கூடத்தில் இரண்டு குடும்பமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போச்சு, இதுவும் போச்சு என்று நின்றேன். தண்ணீரோடு வந்தது அந்தப் பெண்தான்.

"ஏங்க இவ்ளோ லேட்டு?"

அன்றைக்கு என்னிடம் ஒருவர் கேட்ட முதல் நேரான கேள்வி அது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"எனக்கும் நீங்க எந்த ஊருன்னு காலையிலதாங்க சொன்னாங்க. ஆறு மணிக்கு ராகு காலம் முடிஞ்சிரும், ஒக்காருங்க."

ஆறு மணிக்குக் காபி வந்தது, பஜ்ஜி வந்தது. பதில் மட்டும் வரவில்லை. "வீட்டுல கலந்துக்கினு சொல்றோம்" என்று இரண்டு தரப்பும் சொன்னபோது எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: பஸ் திண்டிவனம் ஊருக்குள் போகுமா என்று ஏறும்போதே கேளுங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், ஊர்ப்பெயர் தெரியாமல் வீட்டைவிட்டே கிளம்பாதீர்கள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நம்பினால் என் கதிதான்.

கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்.

"இப்ப எங்க போறீங்க?"

அம்மா பதறிப்போய் மாமாவைப் பார்த்தார். எனக்கோ அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

"சென்னைக்குங்க. அடுத்த ஞாயித்துக்கெழம நேரா இங்கதான்."

"அப்ப திண்டிவனத்துலயே எறங்கிடுங்க."