மாடசாமி என்கிற பலர்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் இருக்கும் மாடசாமிக்கு எழுபத்துநான்கு வயது. காலமெல்லாம் தேயிலை கவ்வாத்து வெட்டி ஓய்ந்த மனிதர். ஆனால் அவரிடம் கேட்டால், பத்திரிகைகள் தன்னைப் பற்றி முப்பத்தொரு முறை எழுதியிருப்பதாகச் சொல்வார். பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆதாரமும் வைத்திருக்கிறார்.

வாசிகசாலைத் திறப்பு, சங்கக் கூட்டம், பாராட்டு விழா என்று ஊவா மாகாணத்தில் எது நடந்தாலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்கு அழைப்பு என்று ஒன்று வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த வாரம் பத்திரிகையில் செய்தி வரும். தலைவர், செயலாளர், பிரதம அதிதி பெயரெல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் ‘மற்றும் பலர் கலந்துகொண்டனர்’ என்று முடியும். அந்தப் ‘பலர்’ என்ற சொல்லுக்கு மாடசாமி சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி, கொப்பியில் ஒட்டிவைப்பார்.

“இதுல உங்க பேரு எங்கங்க இருக்கு?” என்று மனைவி அங்கம்மா நாற்பது வருஷமாகக் கேட்டு வருகிறார்.

“பலருல நானும் இருக்கேன்ல?”

“ஆமா, கிழிச்சீங்க.”

அதுதான் அவரைச் சுட்டது. படித்த ஒருவர் வாயால், ‘ஆமாம், இது மாடசாமிதான்’ என்று ஒரே ஒரு முறை அங்கம்மா காதில் விழவேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு இல்லை.

போன மாதம் பதுளையிலிருந்து நிப்லா வந்தாள். பல்கலைக்கழக மாணவி. பழைய பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் ‘பலர்’ என்ற சொல் எப்படியெல்லாம் வந்தது என்று ஆராய்கிறாளாம். கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடி வந்திருந்தாள். மாடசாமிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு பொத்தானும் பூட்ட முடியவில்லை.

கொப்பியைப் பார்த்துவிட்டு நிப்லா தயங்கினாள். “ஐயா, குறை நினைக்க வேணாம்.”

அந்தச் செய்திகளை எழுதியவர் அக்காலத்துத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், பகுதிநேர நிருபர். இப்போது பதுளையில் மகளோடு இருக்கிறார். நிப்லா அவரையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவர் பேசியதைக் கைபேசியில் போட்டுக் காட்டினாள்.

“கூட்டம் முடியுமட்டும் நிண்டால் ஸ்டேசனிலை தபால் கோச்சி போயிடும், பிள்ளை. அழைப்பிதழைப் பாத்து முதல் நாளே எழுதி அனுப்பிப்போடுவன். ஆர் வந்தாலென்ன, வராட்டிலென்ன, கடைசியிலை ‘மற்றும் பலர்’ எண்டு போட்டால் அலுவல் முடிஞ்சுது.”

அங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “நீங்க வீட்டுல வேட்டி கட்டுறதுக்கு முந்தியே போய்ட்டு வந்ததா எழுதிட்டாரே!”

மாடசாமி கோட்டைக் கழற்றினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

நிப்லா இன்னும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் நின்றாள். “ஹல்துமுல்லையில தண்ணித் தாங்கி திறப்பு விழா. இத இரகுநாதன் மாஸ்டரும் சொன்னார். மண் சரிஞ்சு ரோட் அடைபட்டு, பேர் போட்ட ஒன்பது பேர்ல ஒருத்தரும் வரல்லயாம். விழாவே நடக்கல்லயாம். ஆனா பேப்பர்ல வந்திட்டு.”

“நான் போனேனே,” என்றார் மாடசாமி. “முந்தின நாளே போயி தங்கச்சி வீட்டுல தங்கிட்டேன். காலையில போயி நின்னா ஒரு ஆளு இல்ல. வாழைமரம் மட்டும் கட்டியிருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் மழையில நின்னு பாத்தேன். பொறவு நானே கொழாயத் தொறந்து, ரெண்டு கை தண்ணி குடிச்சிட்டு, தனியா கைதட்டிட்டு வந்துட்டேன்மா.”

அங்கம்மாவின் சிரிப்பு நின்றது. “ஆமா புள்ள. வேட்டியெல்லாம் சேறு. ஒரு வாரம் காச்சல். நான்தான் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தேன்.”

நிப்லா குறிப்பேட்டில் எழுதியதை வாய்விட்டு வாசித்தாள்: “இந்தச் செய்தியிலுள்ள ஒன்பது பேரும் வரவில்லை. வந்தது ‘பலர்’ மட்டுமே. அவர் தெமோதரை மாடசாமி.”

மாடசாமி மறுபடியும் கோட்டைப் போட்டுக்கொண்டார். அங்கம்மா சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்து அவர் கையில் திணித்தார்.

“அந்தக் கோடு மங்கிப் போயிருக்கு. நல்லா அழுத்திப் போடுங்க.”