விருந்தாளிகளுக்குத் தெளித்த தண்ணீர்

யார் வந்தாலும் பாஞ்சாலைக்குத் தரையில் புழுதி இருக்கக் கூடாது. கரண்ட் கணக்கெடுக்க வருகிறவருக்குக்கூட முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். ஆனால் நல்லூர்ப் பக்கத்திலிருந்து விருத்தாசலத்துக்கு வந்து அவள் வாழ்க்கைப்பட்டது என்னவோ வெள்ளைப் புழுதிக்குத்தான். கணவர் கோதண்டபாணி, பீங்கான் பொம்மை செய்யும் கொட்டகையில் வெள்ளைக்கல்லை அரைத்து மாவாக்குகிறவர். அவளும் அங்கேயே காய்ந்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டித் தேய்ப்பாள். சாயங்காலம் இருவரும் வீடு திரும்பும்போது புருவம்கூட நரைத்திருக்கும்.

கோதண்டபாணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். முழுசாகத் தின்று முடித்தும் இருமல் போகவில்லை. மறுபடியும் கொடுத்தார்கள். நாற்பது வயது ஆள், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். மாவுதான் அவரைத் தின்கிறது என்று பாஞ்சாலைக்குத் தெரியும். வேலையை விடச் சொல்லி மன்றாடினால், "வுட்டுட்டு? ரெண்டு பேரும் மண்ணையா திங்கறது?" என்று வாயை அடைத்துவிடுவார்.

2006இல் சென்னையிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்தார்கள். தூசியை அளக்க ஒருவர். அதை உறிஞ்சும் இயந்திரத்தை அதிகம் கரண்ட் இழுக்காதபடி வடிவமைக்க ஒருவர். அரசாங்கச் செலவில் அதைக் கொட்டகைதோறும் வைக்கத் திட்டம் எழுத இன்னொருவர். அளக்கும் நாட்களில் தினமும் வந்துபோனது பூர்ணிமா என்ற ஆராய்ச்சி மாணவி.

"தூசிய அளந்து பார்த்துட்டு, உறிஞ்சற மெஷின் வைக்க ஏற்பாடு பண்ணுவோம்க்கா" என்றாள் அவள். பாஞ்சாலைக்குக் கண்ணில் நீர் முட்டியது. புருஷனின் உயிரைக் கையில் கொண்டு வந்த பெண்ணாகவே அவளைப் பார்த்தாள்.

"எங்களுக்காக எதுவும் செய்யாதீங்க, எப்பவும் போல வேலை பாருங்க" என்று பூர்ணிமா சொல்லிவிட்டுத்தான் போனாள். இதைச் சொல்லாத விருந்தாளி எந்த ஊரில் உண்டு? சொன்னார்களே என்று வாசலைக் கூட்டாமல் உட்கார்ந்திருக்கிறவளை ஊர் மதிக்குமா? அளக்கிற வாரம் முழுக்கப் பாஞ்சாலைதான் முன்னால் நின்று மற்றப் பெண்களை ஏவினாள். கொட்டகையைக் கழுவிவிட்டார்கள். மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தார்கள். பொம்மையை ஈரத்துணியால் மட்டும் துடைத்தார்கள். "பாவம், பட்டணத்துப் புள்ளைங்க, தொண்ட தாங்காது. அரவைய அவங்க போனப்புறம் வச்சிக்கலாம்" என்று கோதண்டபாணியையும் உட்கார வைத்துவிட்டாள்.

மூலையில் டிபன் கேரியர் அளவில், தூசி அளக்கும் பெட்டி ஒன்று காற்றை இழுத்துக்கொண்டு முனகியது. வழக்கமான ஒரு நாளை அங்கே கண்ணால் பார்த்தேயிராத பூர்ணிமா, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்கக்கா" என்றாள். பாஞ்சாலைக்குப் பெருமை பிடிபடவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் கோதண்டபாணியின் சளியில் ரத்தம் வந்தது. அந்தப் பயத்தில்தான் மனிதர் இறங்கி வந்தார். சேத்தியாத்தோப்பில் தங்கராசுவின் அரிசி மில்லில் வாட்ச்மேன் வேலை பேசி முடித்தார்கள். சம்பளம் பாதிதான், ஆள் மிஞ்சினால் போதும் என்றிருந்தாள் பாஞ்சாலை.

அந்த வாரமே பூர்ணிமா கொட்டகைக்கு வந்தாள்.

"உங்க கொட்டகைல தூசி கம்மிதான்க்கா, பயப்பட ஒன்னுமில்ல. மெஷின் திட்டம் வேற ஊருக்குப் போயிடுச்சு."

"எப்பிடிம்மா கம்மியா இருக்கும்?" பாஞ்சாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வரீங்கன்னு தண்ணி தெளிச்சி வச்சமே. அரவையே ஓட்டலியே!"

பூர்ணிமாவின் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?"

அன்பால் செய்ததுதான். வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்த பூர்ணிமா, அறிக்கை மேலே போய்விட்டது என்றாள். மறுபடி அளக்கக் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னாள். நல்ல பெண்தான். அதனால் என்ன?

பாஞ்சாலை வீட்டுக்கு ஓடினாள். சேதி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கொட்டகை முதலாளி மாணிக்கவேல் தெருவில் பார்த்துச் சொல்லிவிட்டாராம். கோதண்டபாணியின் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவள் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"கேட்டியா புள்ள? தூசியே இல்லியாம்! இது மாவு நோவு இல்ல, வெறும் டி.பி.தான். மாத்திர தின்னா போயிடும்."

"இல்லீங்க, நாந்தாங்க கெடுத்தேன். அன்னிக்குத் தண்ணி தெளிச்சதாலதான் பொட்டியில தூசி காட்டல."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. "அவ்ளோ பெரிய காலேஜு மெஷினு பொய் சொல்லுது, நீ சொல்றது நெசமா? மில்லுக்கு வரலன்னு தங்கராசுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் குனிந்து அவளைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அரவைக்குள்ள நொழையும்போதெல்லாம் செத்துடுவேன்னு பயந்துகினுதான் போவேன் புள்ள. ஒங்கிட்ட சொன்னதில்ல. இனிமே பயமில்லாம போவேன்."

மறுநாள் காலை கொட்டகைக்கு அவர்தான் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்.