மழை பொய்த்த வருஷத்துக் கொம்பு

போன கோடையில் ஒரு விடியற்காலை, நாய்கள் துரத்த ஓர் ஆண் புள்ளிமான் எங்கள் கேட்டை நோக்கி ஓடி வந்தது. செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, காட்டு வேலியை ஒட்டியிருக்கும் வாடகை வீடு எங்களுடையது. கேட்டுக்கு வெளியே வாசலில் நான் வைத்திருந்த சிமெண்ட் தொட்டியில் தினமும் தண்ணீர் குடிக்கிற மான்தான் அது. கொம்பு ஒன்றரை முழம் இருக்கும். உள்ளே விட்டிருக்கலாம். நாய்களுக்குப் பயந்து கேட்டைக் கிரீச்சென்று இழுத்துச் சாத்திவிட்டேன். அது சாலைப் பக்கம் திரும்பி ஓடியது. அதற்குப் பிறகு வரவேயில்லை. செத்திருக்குமோ என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. தொட்டியைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காமல் கொல்லைக்கு நகர்த்தச் சொன்னேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் காய்ந்தே போயின. இந்தப் பங்குனியில் வேலிக்கு அப்பால் ஒரு மான் வந்து நிற்க ஆரம்பித்தது. கொம்பு மெலிசாக, ஒரு முழம்கூடத் தேறாது.

"பெரிய கொம்பு எப்பிடிடி சின்னதா ஆகும்? இது வேற மானு. விடு" என்றார் என் வீட்டுக்காரர்.

பழைய மானின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கொம்பு மட்டும்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் தண்ணீர் வைத்தவள் வேறெதையும் பார்த்திருக்கவில்லை. என்ன ஜென்மமோ நான்.

வேலியோரம் வந்த வனக்காவலரிடம் கேட்டேன்.

"கொம்பு வருஷா வருஷம் விழுந்து புதுசா மொளைக்கும்க்கா. மழ கம்மின்னா புல்லு இல்ல, ஆலம்பழம் அத்திப்பழமும் இல்ல. அப்ப கொம்பும் சின்னதாத்தான் வரும்."

"அப்போ இது பழைய மான்தானா?"

"எளசு மானுக்கும் சின்ன கொம்புதான்க்கா."

"எப்பிடிதான் கண்டுபிடிக்கிறது?"

"கூப்ட்டு ஆதார் கார்டு கேளுங்க" என்று சிரித்தபடி போய்விட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம். இருந்த குழப்பம் இன்னும் ஜாஸ்தியானது.

மறுநாள் காலை அந்த மான் வேலியைத் தாண்டி வந்தது. அங்கே இங்கே பார்க்காமல், முன்பு தொட்டி இருந்த இடத்துக்கு நேராகப் போய், வெறும் மண்ணை மோந்தது. அங்கே தொட்டி இருந்தது வேறெந்த மானுக்குத் தெரியும்? உயிரோடுதான் இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தேன். முன்பெல்லாம் அந்தக் கிரீச் சத்தம் கேட்டாலே கிட்டே வரும்.

இப்போது சத்தம் கேட்டதும், சாலைப் பக்கம் திரும்பி ஓடியது.