வெள்ளிக்கிழமை மணி

ஈப்போவில் பல கடைகள் சேர்ந்திருக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கீழே சீனப் பல் மருத்துவர். மேலே ஒரு தமிழ் ஆசிரியர் நடத்தும் டியூஷன் வகுப்பு. எந்த மாடியில் புகை வந்தாலும் எல்லா மாடியிலும் மணி அடித்தாக வேண்டும், எல்லோரும் கீழே இறங்கியாக வேண்டும் என்று தீயணைக்கும் பொம்பாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் புகையை மோப்பம் பிடிக்கும் கருவியை என் சாமிப் படத்துக்கு நேர் மேலேயா மாட்டுவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடாமல் நான் கடை நடத்தியதே இல்லை. மாட்டிய முதல் வாரமே மணி அலறியது. மொத்தக் கட்டடமும் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றது. பல் மருத்துவரிடம் வந்தவர் வாயில் பஞ்சோடு என்னை முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும், சாமிக்குப் போடுவதை நிறுத்த முடியுமா? அடுத்த வாரம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் அலறியது. போகப் போக யாரும் இறங்குவதில்லை. காவலாளி வந்து மணியை நிறுத்தும்வரை ஆசிரியர் இன்னும் உரக்கப் பாடம் நடத்துவார்.

அப்படியிருக்கும்போது தெலுக் இந்தானில் என் வீட்டுக்காரரின் சித்தப்பா தவறிப்போனார். காரியம் முடியும்வரை விளக்கும் கிடையாது, சாம்பிராணியும் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கொஞ்சம் குறைத்துப் போட்டிருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, நான் எங்கே போட்டேன்?

படிக்கட்டில் கருகல் வாடை. எட்டிப் பார்த்தால், மருத்துவரின் சாமான் அறையிலிருந்து புகை. அவர் தன் ஆட்களோடு இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். மேலே மட்டும் பாடம் நடந்துகொண்டிருந்தது. அறை நிறையப் பிள்ளைகள். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே திறந்தார்.

"என்னாக்கா, இன்னிக்கு சாம்பிராணி தூக்கலா இருக்கு லா."

"எங்க வீட்டுல தீட்டு சார். நான் போடல."

தமிழனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அவர் முகம் வெளுத்துவிட்டது. புத்தகப் பைகளை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகளை இறக்கினோம். முதல் மாடியைத் தாண்டும்போது புகையில் எல்லோருக்கும் இருமல். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாமான் அறையில் பழைய மின்விசிறி ஒன்று எரிந்துபோயிருந்தது. பொம்பாக்காரர்கள் வந்து அணைத்தார்கள். மணி அடித்தால் இங்கே யாரும் அசைவதில்லை என்று காவலாளி போட்டுக்கொடுத்திருப்பார் போல. இன்றைக்கு மட்டும் எப்படி இறங்கினீர்கள் என்று அவர்களின் அதிகாரி ஆசிரியரிடம் மலாயில் கேட்டார். ஆசிரியருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இந்த அக்கா வீட்டில் ஒரு சாவு விழுந்தது, அதனால்தான் பிழைத்தோம் என்று மலாயிலேயே சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க நிற்கவே இல்லை. அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இறந்தவர் எனக்கு ரொம்ப நெருக்கமா என்று மெதுவாகக் கேட்டார்.