தட்டத்தில் வந்த தேத்தண்ணி

உதவித்தொகை கேட்பவர்களை வீடு தேடிப் போய் மதிப்பிடும் உத்தியோகத்தர்கள் மூவருக்கு, நாட்பட்ட நோய்கள் பற்றிப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். நான் பிசியோதெரபி படித்தவள்; நானும் அவர்களைப் போல வீடு வீடாகப் போய் மதிப்பிட்டிருக்கிறேன். பதினொரு தலைப்புகள் எழுதினேன். பிறகு பத்தை வெட்டிவிட்டு, தர்மபுரத்தில் நான் மதிப்பிட்ட ஒரு அக்காவின் வீட்டை மட்டும் மிச்சம் வைத்தேன். அங்கே பிழை விட்டவள் நான்.

அக்காவுக்கு மூட்டுவாதம். முதல்முறை போனபோது முற்றம் கூட்டியிருந்தது. அவர் நல்ல சேலையோடு எழும்பி வந்து, தட்டத்தில் தேத்தண்ணி தந்தார். குடித்துக்கொண்டே அடையாளமிட்டேன்: நடக்கிறார், சமைக்கிறார், உதவி தேவையில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

சில வாரங்களின் பின் அவருடைய மகளைச் சந்தையில் கண்டேன்.

"நீங்கள் வந்திட்டுப் போக அம்மா மூண்டு நாள் பாயால எழும்பேல்லை மிஸ். தண்ணி அள்ளி அடுப்பு மூட்டினது நான். அதை நீங்கள் கேக்கேல்லை."

மேன்முறையீடு செய்யச் சொன்னேன். முதலில் மதிப்பிட்டவள் என்பதால் மறுமதிப்பீட்டை நான் செய்ய முடியாது. பயிற்சிக்கு வந்த மூவரும்தான் செய்ய வேண்டும். அவர்கள் எழுதுவதே முடிவு.

"ஒண்டும் செய்ய வேண்டாம்" என்று அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். மூவரையும் கூட்டிக்கொண்டு போனால், முற்றம் கூட்டியிருந்தது. அக்கா கதிரைகளைக் காட்டிவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினார்.

"தேத்தண்ணி வேண்டாம் அக்கா."

"வீட்டுக்கு வந்தவையை வெறும் வாயோட அனுப்புறதே? போனமுறை குடிச்சனீங்கள்தானே?"

"அதாலதான் நான் எழுதினது பிழைச்சது."

மூவரில் மூத்த உத்தியோகத்தர் எழும்பினார். "இருங்கோ அக்கா, நான் ஊத்துறன்."

"ஆம்பிளை ஊத்துற தேத்தண்ணியோ! சீனி எங்க இருக்கெண்டாவது தெரியுமே தம்பி?"

மகள் சிரித்துக்கொண்டு சீனிப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஊற்றிக் கொண்டுவந்த கோப்பையை அக்கா இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினார். விரல்கள் மடியவில்லை. முதல்முறை நான் வந்த அன்றைக்கும் தட்டத்தை முன்கைகளில் ஏந்தி வந்திருக்கிறார். நான் தேத்தண்ணியைத்தான் பார்த்தேன்.

உத்தியோகத்தர் கேட்டார்: "நாங்கள் போனாப்பிறகு என்ன செய்வீங்கள் அக்கா?"

அக்கா மகளைப் பார்த்தார். "படுப்பன்."

"எத்தினை நாள்?"

"தேத்தண்ணி நான் ஊத்தேல்லைதானே. ஒரு நாள் படுத்தாக் காணும்."

அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. அவர் தாளைத் திருப்பி, அக்கா சொன்னபடியே பின்பக்கத்தில் எழுதினார். முதல் மதிப்பீடு பிழை, பிழை என்னுடையது என்று அதன்கீழ் எழுதிக் கையொப்பமிட்டேன்.

அடுத்த மாதம் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அன்றே என் பழைய கொப்பிகளை எடுத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு "உதவி தேவையில்லை" என்று அடையாளமிட்ட வீடுகளைத் தனியாகப் பட்டியலிட்டேன். பத்தொன்பது வீடுகள். முதல் வீட்டுக்குத் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த வீட்டில் தேத்தண்ணி நான்தான் ஊற்றுவேன்.