மூன்றாவது விநாடிக்குப் பிறகு

அமெரிக்காவில், வயோமிங்கின் வடக்கு மாவட்டங்களில் வெர்னா ஸ்டோல்ட்ஸ் இருபத்து மூன்று கோடைகளாக ரோடியோ எனும் காளைச் சவாரிப் போட்டிகளைப் படம் எடுத்துவருகிறார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு இருக்கும்: வீரனின் பெயர், காளையின் பெயர், எந்தக் கையால் கயிற்றைப் பிடிப்பான், எத்தனை விநாடி தாங்கினான். வெற்றிக்குத் தேவையான முழு எட்டு விநாடி தாங்கிய சவாரி எதையும் தன் கேமரா தவறவிட்டதில்லை என்பதை அவர் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அந்தக் குறிப்பேட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டவன் டெல் கிம்ப்ரோ. பதினான்கு ஆண்டுகளில் முப்பத்தொன்பது சவாரிகள்: 2.6, 2.9, 2.4. மூன்றை ஒரே ஒருமுறை தாண்டினான். அன்று கடிகாரம் பழுது என்று நடுவர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள்.

ஆயினும் அவன் வீட்டுச் சுவரில் பத்தொன்பது படங்கள் தொங்கின. காளையின் பின்னங்கால்கள் வானத்தில், அவன் தொப்பி தலையில், வெறுங்கை காற்றில். இரண்டாவது துள்ளலில் எடுத்ததா ஏழாவது விநாடியில் எடுத்ததா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வெர்னாவும் சொன்னதில்லை, அது அந்தத் தொழிலின் நாகரிகம்.

சென்ற ஆகஸ்டில், இதுவே கடைசிச் சவாரி என்று அவன் மனைவி ஜோலீன் வாக்கு வாங்கியிருந்தாள். கயிறு நழுவாமலிருக்கக் கையுறையில் பிசின் தேய்த்தபடி டெல் வேலியோரம் வந்தான்.

"மேடம், இன்னிக்கு ஒண்ணு நல்லா வரணும். இனிமே உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்."

"கவலைப்படாத கண்ணு. நீ விழுறதுக்குள்ள எடுத்துருவேன். பழக்கம்தான."

காளையின் பெயர் பல் டாக்டர். அதை அடைத்திருந்த கதவு திறந்ததும் வெர்னா மூன்று துள்ளல்களுக்கு ஒன்பது படங்கள் எடுத்தார். பிறகு வழக்கம்போல் கேமராவைத் தாழ்த்தி, குறிப்பேட்டைத் திறந்து, 2.8 என்று எழுதினார். நிமிர்ந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. டெல் இன்னும் காளையின் மேல் இருந்தான். கேமராவைத் தூக்குவதற்குள் எட்டாவது விநாடியின் மணி ஒலித்துவிட்டது. கீழே குதித்தவன் இரண்டு கால்களில் நின்றான், அதுவும் முதல்முறை. வெர்னா அவசரத்தில் ஒரே ஒரு படம் எடுத்தார்.

மறுநாள் காலை, தீயணைப்பு நிலையத்தில் வழக்கமான பொது விருந்தில் ஊரே பான்கேக் தின்றுகொண்டிருந்தபோது, வெர்னா டெல்லையும் ஜோலீனையும் அழைத்து, தம் வண்டியின் பின்பலகையில் ஒன்பது படங்களையும் பரப்பினார். எதைக் கொடுத்தாலும் டெல் மகிழ்ந்து வாங்கியிருப்பான். ஆனால் குறிப்பேடு சட்டைப்பையில் கனத்தது. அவர் அதைத் திறந்து காட்டினார்.

"இதுல எதுவும் எட்டு விநாடி இல்ல கண்ணு. நான்தான் உன்ன முன்னாடியே கீழ தள்ளிட்டேன்."

டெல் அந்த 2.8-ஐ வாய்விட்டுப் படித்தான். ஜோலீன்தான் முதலில் சிரித்தாள். மூன்று விநாடி ஆனதும் தானும் காபி வாங்க எழுந்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள்.

"அப்போ யாருதான் பார்த்தது?" என்றான் டெல்.

"நடுவர் பார்த்தாரு. அவரே நம்பலையாம்," என்றாள் ஜோலீன்.

வெர்னா பத்தாவது படத்தை நீட்டினார். அதில் காளை இல்லை, தொப்பி இல்லை. மைதானத்தின் நடுவே, அடுத்து எங்கே போவது என்று மறந்துபோனவனைப் போல் ஒருவன் நின்றான். டெல் அதை மட்டும் வாங்கிக்கொண்டான்.

இப்போது அது சுவரில் இருபதாவது. வருகிறவர்கள் பத்தொன்பதையும் வியந்துவிட்டு, இதில் என்ன செய்கிறாய் என்று தவறாமல் கேட்கிறார்கள்.

"நிக்கிறேன்," என்கிறான் டெல்.